வாசகரை அறியாத நூலகம்

கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதி, பெண்கள் லயத்துக்குத் திரும்பும் வேளையில் பூட்டப்பட்டுவிடும் நூலகம் யாருக்காக? ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தின் நூலகத்தைக் கண்டு வந்த நாள்முதல் இவ்வினா என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அலுமாரிகளில் நூல்கள் வரிசை குலையாமல் இருந்தன. குலையாமல் இருந்ததே குறை, எடுப்பாரில்லை. யாப்பிலக்கண உரைகள் பல இருந்தன. அவற்றுட் சில நானே பரிந்துரைத்தவை. மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் நூல் ஒன்றேனும் இல்லை.

வாயிலில் ஒரு மூதாட்டி, "ஐயா, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று ஒரு கடிதத்தை நீட்டினார். ஊழியர் சேமலாப நிதி பற்றிய சிங்களக் கடிதம். முப்பதாண்டு தமிழ் கற்பித்த எனக்கு அதனைப் படிக்கத் தெரியவில்லை. நூலகப் பொறுப்பாளரோ, "அது எங்கள் வேலையன்று" என்றார். இறுதியில் பள்ளி மாணவி ஒருத்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுமொழி அனுப்பவேண்டிய நாள் கடந்து பத்து நாள் ஆகியிருந்தது.

சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் அரங்கநாதன், நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதை 1931இல் முதல் விதியாக வகுத்தார். வாசகரின் காலத்தைக் காப்பது அவர் வகுத்த நான்காம் விதி. அதே ஆண்டில் மன்னார்குடியிலிருந்து மாட்டுவண்டி நூலகம் ஊரூராகச் சென்றது. வாசகர் வரட்டும் என்று அது காத்திருக்கவில்லை.

தமிழும் ஆட்சிமொழி என 1987இல் அரசியலமைப்புத் திருத்தம் கூறிற்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. ஏட்டிலுள்ள உரிமையை லயத்து வாயிலுக்குக் கொண்டு செல்வது யார்? நூலகமன்றி வேறு எது?

ஆதலின், நூல் வாங்குமுன் மக்களைக் கேட்போம். மாலையிலும் ஞாயிறன்றும் கதவைத் திறப்போம். வாரத்தில் ஒருநாளேனும் இருமொழி அறிந்த ஒருவர் கடிதம் படித்துப் படிவம் நிரப்பித் தரட்டும். விடையளிக்க இயலாத வினாக்களையும் ஓர் ஏட்டில் குறித்து வைப்போம். அடுத்த ஆண்டுக்குரிய திட்டம் அவ்வேட்டிலேயே இருக்கும்.

இலக்கியத்தை ஒதுக்குக என்பதன்று என் கருத்து. தன் கடிதத்துக்குப் பொருள் சொன்ன இடத்துக்கே அப்பாட்டி தன் பேரனையும் அனுப்புவாள். கம்பனும் அவனுக்காக அங்கே காத்திருக்கட்டும்.

கொழுந்தை நிறுப்போர் கூடையின் எடையைக் கழித்தே கணக்கெழுதுகின்றனர். நூலகத்தை நிறுக்கும்போது நாம் கூடையை மட்டுமே நிறுத்து வருகிறோம்.