நகலெடுப்பவரைத் திட்டாதீர்கள்

ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகம். முதலாண்டு மாணவி ஒருத்தி, பாடக் கைத்தாளின் பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு கட்டளையை நகலெடுத்து டெர்மினலில் ஒட்டினாள். ஒரு கோப்புறையை அதன் உள்ளடக்கத்தோடு இன்னொரு கோப்புறைக்குள் படியெடுக்கும் 'சிபி' கட்டளை அது. கோப்புறையை முழுதாக எடுக்க '-ஆர்' என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். கைத்தாளில் இருந்தது, அவள் ஒட்டிய வரியிலும் இருந்தது. கணினியோ, '-ஆர்' என்ற பெயரில் கோப்பு எதுவும் இல்லை என்றது. அடுத்த வரியில், '-ஆர்' தரப்படாததால் கோப்புறையை விட்டுவிட்டதாகச் சொன்னது. கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஒன்றை இல்லை என்கிறதே என்று அந்தப் பெண் விழித்தாள்.

"காப்பி பண்ணினா இப்படித்தான்மா ஆகும். கையால அடிச்சுப் பாரு" என்றார் ஆய்வகப் பொறுப்பாளர். "அதே எழுத்துதானே சார் இருக்கு" என்று தயங்கியபடியே அடித்தாள். கட்டளை ஓடியது. நகலெடுப்பது தப்பு, கையால் அடிப்பதே சரி என்று அந்த அறையில் இருந்த முப்பது பேரும் அன்று பாடம் கற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் கற்றது பொய்ப் பாடம். கைத்தாளை எழுதியவர் அதை ஆவணம் தட்டச்சு செய்யும் மென்பொருளில் எழுதியிருந்தார். அந்த மென்பொருள், அவர் இட்ட சிறுகோட்டை அழகுக்காகச் சற்றே நீண்ட கோடாக மாற்றிவிட்டது. அச்சில் இரண்டுக்கும் ஒரு மயிரிழைதான் வேறுபாடு. கணினிக்கோ அவை இரண்டு வேறு எழுத்துகள். நீள்கோட்டில் தொடங்கும் சொல் அதற்கு விருப்பமே இல்லை, ஒரு கோப்பின் பெயர். விசைப்பலகையில் அடித்தபோது உண்மையான சிறுகோடு விழுந்தது, வேலை நடந்தது. மாணவி நகலெடுத்ததில் தவறு இல்லை. நகலெடுக்க முடியாத ஒன்றைக் கட்டளை என்று அச்சிட்டுக் கொடுத்ததே தவறு.

கணினித் தொழிலில் இருப்பவர்களிடம் வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு. கட்டளையை நகலெடுத்து ஒட்டுபவன் புரியாமல் ஓட்டுபவன். தேர்ந்தவன் படித்துப் புரிந்துகொண்டு தானே அடிப்பான். ஆகவே ஆவணத்தில் கோடு எப்படி இருக்கிறது, அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் ஒப்பனை. இதை நல்ல பொறியாளர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆவணத்தில் ஒரு கோட்டைத் திருத்தி அனுப்பினால், 'இதற்கா நேரம் செலவழித்தீர்கள்?' என்று கேட்பவர்களும் அவர்களே. இந்த நம்பிக்கை தவறானது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களை இது நாள்தோறும் அவமானப்படுத்துகிறது.

முதலில், தேர்ந்தவர்கள் நகலெடுப்பதில்லை என்பதே உண்மை இல்லை. அதிகம் நகலெடுப்பவர்கள் அவர்கள்தான். 64 எழுத்துள்ள ஒரு சரிபார்ப்புத் தொகையை யாரும் கையால் அடிப்பதில்லை, அடிக்கவும் கூடாது. பத்துப் பன்னிரண்டு விருப்பங்கள் தொடரும் கட்டளையை நள்ளிரவில், சர்வர் விழுந்து கிடக்கும்போது, நினைவிலிருந்து அடிப்பது வீரமாகாது. கையால் படியெடுத்தால் பிழை புகும் என்பது ஓலைச்சுவடிகளை வைத்திருந்த நமக்குப் புதிய செய்தியா என்ன? பாடபேதம் என்ற சொல்லே அந்த அனுபவத்தில் பிறந்ததுதானே.

தேர்ந்தவர்களும் தவறுவதுண்டு. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் விழுந்தது. அதை நம்பியிருந்த எண்ணற்ற இணையதளங்களும் கூடவே விழுந்தன. நிறுவனம் வெளியிட்ட விளக்கம் தெளிவானது. கட்டணக் கணக்கு அமைப்பு மெதுவாக ஓடியதை ஆராய்ந்துகொண்டிருந்த குழுவில் ஒருவர், ஏற்கெனவே வகுக்கப்பட்ட செயல்முறைக் குறிப்பின்படி ஒரு கட்டளையை இயக்கினார். சில சர்வர்களை மட்டும் விலக்குவது நோக்கம். உள்ளீடுகளில் ஒன்று தவறாகத் தரப்பட்டது. நினைத்ததைவிட மிகப் பல சர்வர்கள் விலகின. சேவை முழுமையாகத் திரும்ப நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த மனிதர் அதிகாரம் பெற்றவர், தொழில் தெரிந்தவர், குறிப்பைப் பார்த்தே செய்தவர். 'புரிந்தவன் தப்பு செய்ய மாட்டான்' என்று சொல்கிறவர்கள் இந்த நிகழ்வுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? அமேசானும் புரிந்தவர்களை நம்பி இருந்துவிடவில்லை. அளவுக்கு மீறி விலக்க முடியாதபடி கருவியையே மாற்றியது.

அந்தக் கைத்தாளில் நடந்ததுபோல் எழுத்து எங்கெல்லாம் மாறுகிறது என்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். வேர்ட்பிரஸில் சாதாரணப் பத்தியில் இரட்டைச் சிறுகோடு எழுதினால், பக்கத்தில் ஒற்றை நீள்கோடாக வருகிறது; நேர் மேற்கோள் குறி வளைந்துவிடுகிறது. ஐபோனில் 2017 முதல் விசைப்பலகையே இந்த மாற்றத்தைச் செய்கிறது. ஆவணம் எழுதுவதற்கென்றே உருவான ஸ்ஃபிங்ஸ் என்ற கருவியிலும், விருப்பத்தைக் குறியீட்டு வடிவில் அடைக்க மறந்தால் இதே கதிதான்.

இவற்றைவிட ஆழமானது யூனிக்ஸ் கையேட்டின் கதை. அதன் முதல் பதிப்பு பெல் ஆய்வகத்தில் 1971 நவம்பரில் வந்தது. இன்று லினக்ஸில் 'மேன்' என்று அடித்தால் வருவது அதன் வழித்தோன்றல். அந்தப் பக்கங்களை வடிவமைப்பது ராஃப் என்ற அச்சுக்கோப்பு மொழி. அதன் இன்றைய வடிவம் குரோஃப். அச்சுக்கோப்பு மொழி என்பதால் அதில் வெறும் சிறுகோடு என்றால் சொல்லைப் பிரிக்கும் இணைப்புக்கோடு என்று பொருள். கட்டளைக்குரிய கோடு வேண்டுமானால் முன்னால் ஒரு பின்சாய்கோடு சேர்த்து எழுத வேண்டும். எத்தனை பேர் அப்படி எழுதினார்கள்? பல்லாண்டுகளாகப் பலர் எழுதவில்லை. குரோஃப் இரண்டையும் ஒன்றாகவே காட்டி அவர்கள் தவறை மூடிவந்தது. 2023-இல் வெளியான 1.23 பதிப்பில் அந்த மூடலை நீக்கினார்கள். உடனே, தவறாக எழுதப்பட்ட பக்கங்களில் விருப்பங்களின் முன்னால் நிஜமான இணைப்புக்கோடு வந்து நின்றது. நகலெடுத்தால் ஓடாது. அதைவிட மோசம், அந்தப் பக்கத்துக்குள் ஒரு விருப்பத்தைத் தேடினால்கூடக் கிடைக்காது. டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகள் தங்கள் அமைப்பில் பழைய மூடலைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது.

குரோஃப்பின் விதி சரியானது என்றே நினைக்கிறேன். தவறு எழுதியவர்களுடையது. ஆனால் தண்டனை முழுவதும் வாசிப்பவருக்குப் போனது. கோடு ஒப்பனை என்று நம்பிய ஒரு தலைமுறையின் கடனை, அந்தப் பக்கங்களை எழுதாதவர்கள் அடைக்கிறார்கள்.

கோட்டை விடுங்கள். கட்டளைக்கு முன்னால் டாலர் குறியைப் போட்டு எழுதும் வழக்கம் இருக்கிறதே, டெர்மினல் காத்திருக்கும் குறி என்று காட்டுவதற்காக. அதையும் சேர்த்து நகலெடுத்தால், டாலர் என்றொரு கட்டளை இல்லை என்று, கட்டளைகளை இயக்கும் ஷெல்லான பாஷ் சொல்லும். அது பரவாயில்லை, தவறு தெரிகிறது. நிர்வாகிக்கான '#' குறியைச் சேர்த்து ஒட்டினால் பாஷுக்கு அது கருத்துரை. எதுவும் நடக்காது, பிழைச் செய்தியும் வராது. நடந்துவிட்டது என்று நம்பி அடுத்த படிக்குப் போய்விடுவோம். மிக மோசமானது '>' குறி. சில ஆவணங்கள் கட்டளைக்கு முன் அதை இடுகின்றன. பாஷில் அதன் பொருள், விடையை அடுத்த சொல்லின் பெயருள்ள கோப்பில் எழுது என்பது. அந்தப் பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருந்தால் அது அந்தக் கணமே வெறுமையாகிவிடும்.

இடம்நிரப்பிகளுக்கும் இதே ஆபத்து உண்டு. 'இங்கே உங்கள் கோப்பின் பெயர்' என்று காட்ட, < > என்ற கோண அடைப்புக்குள் எழுதுவது உலக வழக்கம். புதியவர் தன் கோப்பின் பெயரை உள்ளே எழுதிவிட்டு அடைப்பை அப்படியே விடுகிறார். அடைப்பு எடுக்கப்பட வேண்டியது என்று அவருக்கு யார் சொன்னது? ஷெல்லுக்கு முதல் குறி 'இதிலிருந்து படி', இரண்டாவது குறி 'அடுத்து வருவதில் எழுது'. அடுத்து அவருடைய இன்னொரு கோப்பின் பெயர் இருந்தால், அந்தக் கோப்பின் உள்ளடக்கம் போயிற்று. ஆவணத்தில் இருந்த இரண்டு குறிகள் ஒருவருடைய வேலையை அழிக்கும்போது அதை ஒப்பனை என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

'கருவிகளே சீராக இல்லை, ஆவணம் மட்டும் சீராக இருந்து என்ன பயன்?' என்று கேட்பார்கள். கருவிகள் சீராக இல்லை என்பது மெய்தான். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் போர்ட் எண்ணுக்குச் சின்ன 'பி'; அதன் உடன்பிறப்பான எஸ்சிபியில் பெரிய 'பி', சின்னது வேறு வேலைக்குப் போய்விட்டதால். 'எச்' என்றால் ஓரிடத்தில் உதவி, ஓரிடத்தில் படிக்க எளிதான அளவு, போஸ்ட்கிரெஸில் சர்வரின் பெயர். கிட்டில் வேறுபாடு பார்க்கும் கட்டளை 'கேஷ்டு', 'ஸ்டேஜ்டு' இரண்டையும் ஒரே பொருளில் ஏற்கும்; நீக்கும் கட்டளை முன்னதை மட்டும் ஏற்கும். போசிக்ஸ் விதிகளும், நீண்ட பெயர்களைப் பரிந்துரைத்த குனு விதிகளும் வந்தும் இந்தக் காடு முழுதாகத் திருந்தவில்லை. இனித் திருத்தினால் பழைய ஸ்கிரிப்டுகள் உடையும் என்பதால் பலவற்றைத் திருத்தவும் முடியாது.

அதனால்தான் ஆவணம் சீராக இருக்க வேண்டும் என்கிறேன். ஓர் எடுத்துக்காட்டு போதும். நீண்ட விருப்பத்துக்கு மதிப்பைத் தரும்போது நடுவில் '=' இடலாம், அல்லது இடைவெளி விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆவணங்களும் ஒரு பக்கத்தில் அப்படியும் மறு பக்கத்தில் இப்படியும் எழுதுகின்றன. மதிப்பு கட்டாயமான விருப்பங்களில் பெரும்பாலும் இரண்டும் ஓடும். மதிப்பு கட்டாயமில்லாத விருப்பத்தில் ஓடாது. கோப்பில் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளையில் '--கலர்' என்ற விருப்பத்துக்குப் பின் இடைவெளி விட்டு 'ஆட்டோ' என்று எழுதினால், அது நிறத்தைப் பற்றிய மதிப்பாகாது. தேட வேண்டிய சொல்லாகிவிடும். நாம் தேட நினைத்த சொல் கோப்பின் பெயராகிவிடும். ஆவணம் எல்லா இடத்திலும் '=' இட்டே எழுதியிருந்தால் வாசிப்பவருக்கு இந்த நுணுக்கம் தெரியாமலேயே வேலை சரியாக நடந்திருக்கும். சீர்மை என்பது, வாசிப்பவர் இன்னும் அறியாத விதியிலிருந்தும் அவரைக் காப்பது.

முன்பின் அறியாதவர்களிடமிருந்து கட்டளையை ஒட்டுவது ஆபத்து என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். திரையில் ஒன்றைக் காட்டி நகலில் வேறொன்றைத் தரும் தந்திரம் உண்டு. ஒட்டியவுடன் தானாக ஓடாமல், என்டர் தட்டும்வரை காத்திருக்கும் பாதுகாப்பு 2020-இல் வந்த பாஷ் 5.1-இல் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. ஆனால் ஒரு மென்பொருளின் சொந்தக் கையேடு முன்பின் அறியாதவர் இல்லையே. அந்தக் கையேட்டில் ஓடும் எடுத்துக்காட்டு இல்லாதபோதுதான் மக்கள் வெளியே தேடிப் போகிறார்கள். 2013-இல் தொடங்கிய டிஎல்டிஆர் திட்டம், ஒவ்வொரு கட்டளைக்கும் நகலெடுக்கக்கூடிய நாலைந்து எடுத்துக்காட்டுகளை மட்டும் ஒரே வடிவில் தருகிறது. தன்னார்வலர்கள் அதைத் தமிழிலும் மொழிபெயர்த்து வருகிறார்கள். மூலக் கையேடுகள் தர மறுத்ததை அது தருகிறது.

கையால் அடித்தால்தான் மனத்தில் பதியும் என்ற வாதத்துக்கும் பதில் சொல்கிறேன். முதலில் ஒன்று ஓட வேண்டும். ஓடியதை மாற்றிப் பார்க்கும்போதுதான் புரிதல் வருகிறது. ஒரு விருப்பத்தை எடுத்துவிட்டு, இன்னொன்றைச் சேர்த்து, விடை எப்படி மாறுகிறது என்று பார்ப்பவர் கற்கிறார். காரணம் தெரியாத பிழையில் அரை மணி நேரம் சிக்கியவர் கற்பது ஒன்றுதான்: இது நமக்கு வராது.

தமிழில் தொழில்நுட்பம் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது; நாம் அதைப் பயன்படுத்துவதே இல்லை. இடம்நிரப்பியைத் தமிழ் எழுத்தில் எழுதலாம். ஆங்கிலக் கட்டளைக்கு நடுவே 'கோப்பின்_பெயர்' என்று தமிழில் இருந்தால், மாற்ற வேண்டிய இடம் எது என்று கண்ணுக்கே தெரியும். கோண அடைப்பே தேவையில்லை. மறந்து அப்படியே ஒட்டினாலும், அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்ற செய்தியோடு பெரும்பாலும் போய்விடும். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு இட்டால் போதும்.

பாடக் கைத்தாளோ, அலுவலகக் குறிப்போ, திட்டத்தின் கையேடோ எழுதுகிற ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்கிறேன். எழுதிய மூலத்திலிருந்து நகலெடுக்க வேண்டாம். வாசிப்பவர் கைக்குப் போகும் பிடிஎஃப்பையோ பக்கத்தையோ திறந்து, அதிலிருந்து ஒவ்வொரு கட்டளையையும் நகலெடுத்து, ஒரு வெற்றுச் சோதனைக் கணினியில் ஒட்டிப் பாருங்கள். ஓடாத கட்டளை ஒன்று இருந்தாலும் அந்தக் கைத்தாளை மாணவர்களிடம் கொடுக்காதீர்கள்.