நீங்கள் கிளம்பிய பிறகு பேசும் 8 பக்கங்கள்!

ஜேடர்பாளையம் பக்கத்து வெல்ல ஆலைக்காரருக்குப் பேசி விற்கும் வேலை அதிகம் இல்லை. சிப்பம் கட்டி பிலிக்கல்பாளையம் ஏலத்துக்கு அனுப்பினால், வியாபாரி சரக்கைப் பார்த்தே விலை சொல்வார். அதே வெல்லத்தை சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொடுக்கவோ, ஆலையைப் பெரிதாக்கக் கடன் கேட்கவோ போனால் கதை வேறு. பிரசன்டேஷனைப் பார்ப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர். அவர் மேஜைக்குப் போவது நீங்கள் விட்டுவரும் கையேடுதான்.

ஸ்லைடுகளை அப்படியே அச்சடிக்காதீர்கள். திரையில் நாலு வார்த்தை போதும், மீதியை நீங்கள் சொல்வீர்கள். காகிதத்தில் எல்லாமே இருக்க வேண்டும்: தினசரி உற்பத்தி, கரும்பு வரும் இடம், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், ஆய்வக அறிக்கை, போன் நம்பர்.

கடனுக்கு என்றால் மெஷின் கொட்டேஷனும் அவசியம். மத்திய அரசு 2020-ல் தொடங்கிய பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் குறு உணவுத் தொழிலுக்கு மானியம் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். சொந்தப் பணம் குறைந்தது 10 சதவீதம். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் எழுதுங்கள்.

அச்சகத்துக்குப் போகும் முன்...

* ஏ4 தாளை மடித்து நடுவில் பின் அடித்தால் ஏ5 கையேடு. பக்கங்கள் 4-ன் மடங்கில் வர வேண்டும், 8 போதும்.
* வாட்ஸ்அப்பில் வந்த படம் அச்சில் மங்கும். ஒரிஜினலைக் கொடுங்கள்.
* ஃபான்ட் மாறினால் தமிழ் எழுத்து உடையும். பி.டி.எஃப். ஆகக் கொடுத்து, ஒரு பிரதி அடித்துப் படித்துப் பாருங்கள்.
* வெல்ல விலை ஏலத்துக்கு ஏலம் மாறும். விலைப்பட்டியலைத் தேதியுடன் தனித்தாளில் செருகுங்கள்.

பேசி முடித்த பிறகே கையில் கொடுங்கள். முன்பே கொடுத்தால் உங்களைக் கவனிக்க மாட்டார்கள், பக்கம் புரட்டுவார்கள்!