பேட் கொடுத்தா போதாது, மேட்ச் கொடுங்க

கோயில் வேலையோட சேர்த்து இதையும் சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சேன்.

நம்ம நாட்டுக்கு கிரிக்கெட் புதுசு இல்ல. விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் மாதிரி பழைய பள்ளிகள்ல அணி இருந்த காலம் உண்டு. 1997-ல் ஐசிசி கிண்ணம் கோலாலம்பூர்ல நடந்துச்சு. 2008-ல் விராட் கோலி இளையோர் உலகக் கிண்ணத்தைத் தூக்கினது பூச்சோங் கின்ராரா திடல்ல. 2025-ல் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணமும் இங்கேதான். ஜெயிச்ச இந்திய அணியில தமிழ்நாட்டுப் பொண்ணு கமலினியும் இருந்தாங்க.

உலகமே வந்து ஆடிட்டுப் போகுது. ஆனா நம்ம தாமான் பிள்ளைங்க இன்னும் கார் நிறுத்துற இடத்துலதான் டென்னிஸ் பந்தை அடிச்சிட்டு இருக்காங்க.

இங்கிலாந்துலேயே இந்த நிலைமை வந்திருக்கு. 1980-கள்ல ஆசிரியர் போராட்டம், அப்புறம் பள்ளித் திடல்கள் விற்பனை. அரசாங்கப் பள்ளிகள்ல கிரிக்கெட் தேய்ஞ்சு போச்சு. 2005-ல் 'சான்ஸ் டு ஷைன்' திட்டத்தை ஆரம்பிச்சாங்க. பத்து வருஷத்துல மூணுல ஒரு பங்கு அரசாங்கப் பள்ளிகளுக்குப் போட்டி கிரிக்கெட்டைத் திரும்பக் கொண்டு வரணும்ங்கிறது இலக்கு. பக்கத்து கிளப் பயிற்சியாளர் பள்ளிக்குப் போவார். ஆர்வமுள்ள பிள்ளை பிறகு அந்த கிளப்புக்கே வந்து ஆடும்.

இதுல முக்கியமான வார்த்தை 'போட்டி'. ஒருநாள் வந்து பேட் கொடுத்து, படம் பிடிச்சிட்டுப் போனா பிள்ளைக்கு ஒண்ணும் ஒட்டாது. சனிக்கிழமை மேட்ச் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் வெள்ளிக்கிழமை சீக்கிரம் தூங்குவான். தொழிற்சாலையில சூப்பர்வைசரா இருக்கேன். நேரத்துக்கு வர்றதையும், தோத்தா அடுத்தவன் மேல பழி போடாம இருக்கிறதையும் பதினெட்டு வயசுக்கு மேல கத்துக் கொடுக்கிறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம்னு சொல்வாங்க. உண்மைதான். அதனாலதான் கிளப் வரணும்ங்கிறேன். ஒரு கிளப் பக்கத்துல உள்ள நாலு பள்ளியை எடுத்துக்கட்டும். பிளாஸ்டிக் பேட், மென்பந்து, ஆளுக்கு எட்டு பேர்னு சின்ன லீக் நடத்தட்டும். ஹெல்மெட், பேட் கட்டுற செலவெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். பொண்ணுங்களையும் சேர்த்துக்கணும். வேன், தண்ணி, சாப்பாடு இதுக்கெல்லாம் கோயில் நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கை கொடுக்கலாம். அன்னதானத்துக்கு ஆள் சேர்க்கத் தெரிஞ்ச நமக்கு இது பெரிய வேலை இல்ல.

பள்ளி விட்டதுல இருந்து இருட்டுற வரைக்கும் பையன் எங்க இருக்கான், யாரோட இருக்கான்? நாம கூப்பிடலைன்னா வேற யாராவது கூப்பிடுவாங்க.

கிளப்ல இருக்கிற அண்ணன் தம்பிங்க, உங்க பக்கத்துல எந்தப் பள்ளி இருக்குன்னு கீழே எழுதுங்க. தலைமையாசிரியரைப் பார்க்க நானும் கூட வர்றேன்.