ஒரு சிறுமியின் டைரி

60 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்!

வகுப்பில் ஆசிரியர் இப்படிச் சொல்கிறார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக் கொள்கிறார்கள். மணி அடிக்கிறது. எல்லோரும் விளையாட ஓடிவிடுகிறார்கள்.

இது பிள்ளைகளின் குற்றம் அல்ல. 60 லட்சம் என்பது ஓர் எண். எண்ணைப் பார்த்து யாரும் அழுவது இல்லை. 12 வயதுப் பிள்ளைக்கு அது வெறும் கணக்கு.

அதே பிள்ளையின் கையில் ஒரு டைரியைக் கொடுக்க வேண்டும். "இதை எழுதியவளுக்கும் ஏறக்குறைய உன் வயதுதான்" என்று சொல்ல வேண்டும். உடனே அந்தப் பிள்ளையின் முகம் மாறும்.

இரண்டாம் உலகப் போரில் யூதர்கள் பட்ட துன்பத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல, டைரி நல்ல வழி. ஆனால், அதைச் சொல்லிக் கொடுக்கும் முறை சரியாக இருக்க வேண்டும்.

பிறந்த நாள் பரிசு

ஆன் பிராங்க் ஜெர்மனியில் பிறந்த யூதச் சிறுமி. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். யூதர்களுக்குத் தொல்லை தொடங்கியது. ஆனின் பெற்றோர் பிள்ளைகளுடன் ஹாலந்து நாட்டுக்குப் போய், ஆம்ஸ்டர்டாம் நகரில் குடியேறினார்கள். 1940 மே மாதம் ஜெர்மன் படை அங்கேயும் வந்துவிட்டது.

1942 ஜூன் 12-ந் தேதி ஆனுக்கு 13 வயது நிறைந்தது. பிறந்த நாள் பரிசாக ஒரு டைரி கிடைத்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுடைய அக்காளை ஜெர்மனிக்கு வேலைக்கு வரும்படி உத்தரவு வந்தது. குடும்பமே ஒளிந்து கொண்டது.

தந்தையின் கம்பெனி இருந்த கட்டிடத்தின் பின்பகுதிதான் மறைவிடம். வாசலை ஒரு புத்தக அலமாரி மறைத்தது. உள்ளே 8 பேர் இருந்தார்கள். 2 ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள். பகலில் கீழே ஆட்கள் வேலை செய்வார்கள். அப்போது இவர்கள் சத்தம் போடாமல் இருக்க வேண்டும்.

ஆன் எல்லாவற்றையும் எழுதினாள். அம்மாவோடு வந்த சண்டையை எழுதினாள். சலித்துப் போன சாப்பாட்டை எழுதினாள். எழுத்தாளர் ஆக வேண்டும் என்ற ஆசையையும் எழுதினாள். படிக்கிற பிள்ளை, "இவள் என்னைப் போலவே இருக்கிறாளே!" என்று நினைக்கும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

உத்தரவு மேல் உத்தரவு

கொடுமை ஒரே நாளில் வரவில்லை. படிப்படியாக வந்தது. அதையும் ஆன் எழுதி வைத்திருக்கிறாள்.

யூதர்கள் உடையில் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும். சைக்கிளை ஒப்படைக்க வேண்டும். டிராம் வண்டியில் ஏறக்கூடாது. சினிமாவுக்குப் போகக்கூடாது. மாலை 3 மணி முதல் 5 மணி வரைதான் கடைக்குப் போகலாம். யூதப் பிள்ளைகள் தனிப் பள்ளியில்தான் படிக்க வேண்டும்.

பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இது. முதலில் பள்ளிக்கூடம் போயிற்று. பிறகு சைக்கிள் போயிற்று. கடைசியில் உயிர் போயிற்று. முதல் உத்தரவு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்வி வகுப்பில் எழ வேண்டும்.

நடிக்க வேண்டாம்

சில பள்ளிகளில், "நீதான் ஆன். ஒளிந்திருப்பதாக நினைத்து ஒரு டைரி எழுது" என்கிறார்கள். இது சரி அல்ல.

வயிறாரச் சாப்பிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளை அந்தப் பயத்தை எப்படி எழுத முடியும்? அது கதையாகிவிடும். ஒருவர் உண்மையில் பட்ட துன்பம் விளையாட்டாகிவிடும். மென்மையான மனம் உள்ள பிள்ளை வீணாகப் பயந்து போகும். வாஷிங்டன் நகரில் இந்தப் படுகொலைக்கு நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. நடித்துப் பார்க்கும் பயிற்சி வேண்டாம் என்று அதுவும் ஆசிரியர்களுக்குச் சொல்கிறது.

பிள்ளை தன் பெயரிலேயே எழுதட்டும். இன்று எந்தப் பக்கம் படித்தேன், எது மனதைத் தைத்தது, எது புரியவில்லை, நான் அங்கே இருந்திருந்தால் உதவி செய்யத் துணிந்திருப்பேனா? இப்படி எழுதட்டும்.

இதற்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் லாங் பீச் என்ற ஊரில் எரின் குருவெல் என்ற ஆசிரியை இருந்தார். 1994-ல் அவரிடம் படிக்க வந்த மாணவர்கள் பலர் ஏழைகள். தெருச் சண்டைகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள். ஆசிரியை அவர்களுக்கு ஆனின் டைரியைக் கொடுத்தார். பிறகு அவரவர் வாழ்க்கையை எழுதச் சொன்னார். மாணவர்கள் எழுதினார்கள். 1999-ல் அது புத்தகமாக வந்தது. அடுத்தவர் துன்பத்தைப் படித்தவர்கள், தங்கள் துன்பத்தையும் சொல்லக் கற்றார்கள்.

ஒன்று முக்கியம். டைரிக்கு மார்க் போடக்கூடாது. பிள்ளையின் சம்மதம் இல்லாமல் வகுப்பில் படிக்கவும் கூடாது.

முடிவையும் சொல்ல வேண்டும்

"சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்பார்கள். ஆனும் சின்னப் பிள்ளைதான். அவளை யாரும் விட்டு வைக்கவில்லை.

டைரி 1944 ஆகஸ்டு 1-ந் தேதியோடு நிற்கிறது. 4-ந் தேதி போலீசார் வந்து 8 பேரையும் பிடித்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது டைரியில் இல்லை. ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். ஆனும் அக்காளும் பெர்கன்-பெல்சன் முகாமில் 1945-ம் ஆண்டுத் தொடக்கத்தில் இறந்தார்கள். ஆனுக்கு வயது 15. சில வாரங்களில் பிரிட்டிஷ் படை வந்து முகாமை மீட்டது. அந்த 8 பேரில் தந்தை மட்டுமே உயிரோடு திரும்பினார்.

சிதறிக் கிடந்த டைரித் தாள்களை எடுத்துப் பாதுகாத்தவர் மீப் கீஸ். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த பெண். மறைவிடத்துக்கு உணவு கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். பிடிபட்டால் ஆபத்து என்று தெரிந்தே உதவினார். 1947-ல் தந்தை அந்த டைரியை வெளியிட்டார்.

ஆனைப் பற்றிப் படிக்கும் பிள்ளை, மீப் கீசைப் பற்றியும் படிக்க வேண்டும். துன்பப்பட்டவளுக்காக அழுதால் மட்டும் போதாது. உதவி செய்தவரைப் போல நடக்கவும் கற்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டும் ஒரு பென்சிலும், உடன் இருந்து பேச ஒரு பெரியவரும் இருந்தால் போதும்.