ஒத்துக்கொள்ளாதது உடலா, மருந்தா?

மருந்து என்னும் சொல் தமிழில் பொருள்விரிவு மிக்கது. தேவர் உண்ட அமுதமும் மருந்து; பாட்டி இடித்துத் தரும் சுக்கும் மருந்து; பயிருக்குத் தெளிக்கும் நஞ்சும் மருந்தே. நலமும் தீங்கும் ஒரே சொல்லுள் குடியிருப்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் போலும். மாத்திரை வாங்குகையில் மட்டும் அவ்வுணர்வைக் கடைவாசலிலேயே விட்டுவிடுகிறோம்.

மேல்விஷாரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தோல் தொழிலிலும் காலணித் தொழிலிலும் உழைப்போர் பலர். தலைவலி, இடுப்புவலி, மாதவிடாய் வலி எதுவாயினும் அவர்களுக்கு மருந்துக்கடையே முதல் மருத்துவமனை. ஒருநாள் கூலியை இழந்து மருத்துவரைக் காண்பது எளிதன்று. ஆதலின் அவர்களைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. மாத்திரை உண்டபின் தடிப்போ வயிற்றெரிச்சலோ தோன்றினால் அவர்கள் கூறும் சொற்களையே இங்கு எண்ணிப் பார்க்கிறேன். 'மாத்திரை சூடு' என்பர். 'எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை' என்பர். குறை மருந்தினுடையதன்று, தம் உடலினுடையது என்பதே இரண்டாம் தொடரின் குறிப்பு. வேறு மாத்திரை வாங்குவதோடு செய்தி அங்கேயே மடிந்துவிடுகிறது. 'பக்க விளைவு' என்னும் மொழிபெயர்ப்பும் எனக்கு நிறைவளிப்பதில்லை. எங்கோ ஓரமாக நிகழும் சிறு நிகழ்ச்சி போல் அது ஒலிக்கிறது.

மடியாமல் உரிய இடம் சென்று சேர்ந்த செய்தி என்ன செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. வலி நீக்கும் மெஃபெனமிக் அமிலம் குறித்து இந்திய ஃபார்மகோபியா ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று ஓர் எச்சரிக்கை விடுத்தது. சட்டப்படி மருத்துவச் சீட்டின்றி விற்கலாகாத மருந்து அது. வழக்கத்தில் கேட்டவுடன் கிடைக்கிறது. காய்ச்சலும் தோல் தடிப்பும் தோன்றி, கல்லீரல் முதலிய உள்ளுறுப்புகளையும் தாக்கக்கூடிய ஒவ்வாமை அரிதாக இம்மருந்தால் நேரலாம். இத்தகைய ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு முதல் எட்டு வாரம் கழித்தே தலைகாட்டும். என்றோ விழுங்கிய மாத்திரையை யார் நினைவில் வைத்திருப்பார்? ஆங்காங்கிருந்து வந்து குவிந்த பதிவுகளை ஆராய்ந்தே அவ்வெச்சரிக்கை பிறந்தது.

உலகம் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது. மேற்கு ஜெர்மனியில் 1957 முதல் மருத்துவச் சீட்டின்றியே விற்கப்பட்ட தாலிடோமைடு, 1961 நவம்பரில் நிறுத்தப்படுமுன் பல நாடுகளிலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை உறுப்புக் குறையோடு பிறக்கச் செய்தது. அதன் விளைவாகவே 1968இல் உலக நலவாழ்வு நிறுவனம் பன்னாட்டு மருந்துக் கண்காணிப்பைத் தொடங்கியது.

நம் நாட்டில் அத்தகைய திட்டம் 2010இல் தொடங்கி, 2011 முதல் காசியாபாத்தில் உள்ள அவ்வாணையத்தின் பொறுப்பில் நடைபெறுகிறது. அருகே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அதன் மையம் ஒன்றுண்டு. மருத்துவர் மட்டுமன்றி நோயாளியும் தெரிவிக்கலாம். அதற்கான படிவம் தமிழிலேயே உள்ளது. 1800 180 3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியும் உண்டு. உறுதி வேண்டா, ஐயமே போதும். பொதுமக்கள் எழுதினால் பதரே மிகும் என்பாரும் உளர். பதர் தூற்றுவது மையத்தின் வேலை. நெல்லைக் களத்துக்குக் கொண்டுவருவதன்றோ நம் வேலை? மருந்தின் நால்வகைக் கூறுகளை எண்ணிய வள்ளுவர், மருத்துவனுக்கும் முன்னதாக நோயுற்றவனையே வைத்தார். அவன் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை என்று நாம் எவ்வாறு கூற இயலும்?

தமிழ்ப் படிவம் இருந்தும் அதனைக் கண்டோர் நம்மூரில் எத்தனை பேர்? நம் துறை மாணவர்கள் அதன் படிகளை மருந்துக்கடைகளில் வைக்கவும், எழுத இயலாதார்க்கு உடனிருந்து எழுதித் தரவும் முன்வரலாம். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ முதலில் மருத்துவரிடம், படிவம் பிறகு. உண்ட மருந்து, தொடங்கிய நாள், தோன்றிய துன்பம், உடன் உண்ட வேறு மருந்துகள் இவற்றை எழுதினால் போதும். இடர் ஒன்றுண்டு: கடைக்காரர் அட்டையைக் கத்தரித்துத் தரும் இரண்டு மாத்திரைகளில் பெயரின் பாதியே எஞ்சுகிறது, தொகுதி எண் பெரும்பாலும் மறுபாதியோடு போய்விடுகிறது. அவ்விரண்டையும் உறையின் மீது எழுதித் தருமாறு கடைக்காரரை முதலில் கேட்க வேண்டும்.