பாமாயில் டெண்டரில் காடும் உழவரும்

தமிழகத்தில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட ரேஷன் அட்டைகளுக்கு மாதம் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய் விலையில் ஒதுக்கப்படுகிறது. 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்துக்காக நுகர்பொருள் வாணிபக் கழகம் டெண்டர் விட்டு இதை வாங்குகிறது. ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய ஆதரவான இந்தத் திட்டம் தொடர வேண்டும். மாற வேண்டியது வாங்கும் முறை.

உலகின் பாமாயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் உற்பத்தியாகிறது. சுமத்ரா, போர்னியோ மழைக்காடுகள் அழிந்ததில் எண்ணெய்ப்பனைக்குப் பெரும் பங்குண்டு. அதற்காக அந்த எண்ணெயையே ஒதுக்குவது தீர்வாகாது. ஹெக்டேருக்கு மூன்று டன் அளவுக்கு எண்ணெய் தரும் பயிர் வேறில்லை. அதே எண்ணெய்க்கு வேறு வித்துகளைப் போட்டால் பல மடங்கு நிலம் வேண்டும். இந்தோனேசியத் தோட்டப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சிறு விவசாயிகளுடையது. வெட்டிய பழக்குலை ஓரிரு நாளில் ஆலைக்குப் போகாவிட்டால் அமிலம் ஏறி எண்ணெய் கெடும். அதனால் பக்கத்து ஆலையும் இடைத்தரகரும் சொல்வதே அவர்களுக்கு விலை. காடழித்து விளைந்த பொருளைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய சட்டம், ஒவ்வொரு தோட்டத்தின் இருப்பிட விவரத்தையும் கேட்கிறது. நோக்கம் சரியானது. ஆனால் பெரிய கம்பெனிகள் எளிதில் கொடுத்துவிடும் அந்த ஆவணத்தை, நில உரிமைப் பத்திரமே சரியாக இல்லாத சிறு விவசாயி எங்கிருந்து கொண்டுவருவார்? அதைத் தயாரிக்கும் செலவில் எண்ணெய் வாங்குபவரும் பங்கேற்பதே நியாயம்.

ரேஷனுக்குப் பாமாயிலை மட்டுமே வாங்கும் இந்த டெண்டர் கொங்கு நாட்டுத் தென்னை விவசாயியையும் பாதிக்கிறது. 2023-இல் அரவைக் கொப்பரையின் ஆதார விலை கிலோ 108.60 ரூபாய், வெளிச்சந்தையிலோ 80 ரூபாயை ஒட்டிக் கிடந்தது. கொள்முதல் மையத்தில் ஈரப்பதம் 6 சதவீதத்தைத் தாண்டினால் கொப்பரை திரும்பிவிடும். உலர்களத்தில் ஒரு மழை பட்டாலே போதும். ரேஷனில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று பொள்ளாச்சி விவசாயிகள் கேட்டது அப்படிப்பட்ட நெருக்கடியில்தான். 2025-இல் விலை ஏறியதால் அந்தக் கோரிக்கை காலாவதியாகிவிடவில்லை. வெள்ளை ஈயாலும் வாடல் நோயாலும் காய்ப்பு குறைந்ததும் அந்த விலையேற்றத்துக்கு ஒரு காரணம். நோய் தாக்கிய மரங்களை வெட்டிச் சாய்த்த ஆனைமலை விவசாயிக்கு அதனால் பயனில்லை. விலை மறுபடி இறங்கும் நாளும் வரும்.

கொப்பரை ஆதார விலைக்குக் கீழே போகும்போதெல்லாம், அரசு கொள்முதல் செய்யும் சரக்கைச் சந்தையில் ஏலம் விட்டு விலையை மேலும் அமுக்கக் கூடாது. அதைக் காங்கேயம் ஆலைகளில் ஆட்டி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்ட ரேஷன் கடைகளில் பாமாயிலுக்குப் பதிலாகத் தர வேண்டும். ஏற்கெனவே நிற்கும் தோப்புகளின் விளைச்சல் இது. இதற்காக ஒரு காட்டு மரமும் விழாது. எஞ்சிய பாமாயிலுக்கு, காடழிக்காத தோட்டம் என்ற சான்றையும், ஒரு பங்கைச் சிறு விவசாயிகளிடம் வாங்குவதையும் டெண்டரிலேயே கட்டாயமாக்க வேண்டும். விலை சற்றுக் கூடும். அதை மத்திய, மாநில அரசுகள் மானியத்தில் ஏற்க வேண்டும். அட்டைதாரருக்கு 25 ரூபாய் 25 ரூபாயாகவே இருக்கட்டும். அடுத்த டெண்டர் அறிவிப்பிலேயே இந்த நிபந்தனைகள் இடம்பெற வேண்டும்.