முத்து எந்த ரத்தத்தில் ஊறியது?

தூத்துக்குடியில ஒருத்தர் கடை வச்சு நாலு காசு பார்த்துட்டா 'வியாபாரம் அவங்க ரத்தத்துலயே ஊறினது'ங்கறாங்க. கடலுக்குப் போறவர்னா 'அவங்க டி.என்.ஏ. அப்படி'. முந்தி தலையெழுத்துன்னு சொன்னதுக்கு இப்ப விஞ்ஞானப் பேரு, அம்புட்டுதான். (மனுஷனோட முதிர்ந்த ரத்தச் சிவப்பணுவுக்குள்ள டி.என்.ஏ.வே கிடையாதுங்கறது தனிக் காமெடி!)

டி.என்.ஏ. பத்திப் பேசணும்னா மன்னார் வளைகுடா முத்துச்சிப்பியைப் பாருங்க. ஓட்டுக்கு உள்பக்கமா மெல்லிசா ஒரு சதை இருக்கும், மேன்டில்னு பேரு. அதோட ஓரத்து செல்கள் ஓட்டின் சொரசொரப்பான வெளி அடுக்கைக் கட்டுது. கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கற செல்கள் பளபளக்கற உள் அடுக்கைக் கட்டுது. ரெண்டும் கால்சியம் கார்பனேட்தான். வெளியில கால்சைட், உள்ளே அரகோனைட். ரெண்டு வகை செல்லுக்கும் டி.என்.ஏ. ஒண்ணேதான்! ஓரத்துல 'ஆஸ்பீன்' போன்ற ஜீன்கள் வேலை செய்யுது, உள்ளே 'எம்.எஸ்.ஐ.60' வேலை செய்யுது.

1973-ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்துல கே. அழகர்சாமி முத்து வளர்த்துக் காட்டினதும் இந்த செல்களை வச்சுத்தான். ஒரு சிப்பியோட மேன்டிலை ரெண்டு மூணு மில்லிமீட்டர் துண்டா நறுக்கி, ஒரு மணியோட சேர்த்து இன்னொரு சிப்பியின் இனப்பெருக்க உறுப்புக்குள்ள வைப்பாங்க. அந்த செல்கள் பெருகி, மணியைப் பை மாதிரி மூடி, அடுக்கடுக்கா முத்துப் படலம் பூசும். மணியை மட்டும் வச்சா முத்து வராது.

'பாத்தீங்களா, ஊர் மாறினாலும் பிறவிக்குணம் மாறலை'ன்னு உடனே குதிக்க வேண்டாம். அதே சிப்பியோட ஒட்டுத்தசையிலயும் அதே டி.என்.ஏ.தான் இருக்கு, அது முத்து கட்டறதில்லையே! மேன்டில் செல் கூடவே கொண்டு போறது எந்த ஜீன் திறந்திருக்கு, எது மூடியிருக்குங்கற நிலையை. அது கருமுட்டையிலேயே எழுதி வச்சதில்லை. வளரும்போது, இருந்த இடத்தையும் பக்கத்து செல்கள் தந்த சைகையையும் பொறுத்து அமைஞ்சது. ஒரு சிப்பியின் சதைக்கே இவ்வளவு கதை இருக்கு. மனுஷன் தொழிலை மட்டும் டி.என்.ஏ.வில் தேடறாங்களாம்!

இங்க கடைசியா அரசு முத்துக்குளிப்பு நடத்தினது 1955-லிருந்து 1961 வரை. சிப்பி வரத்து நின்னுச்சு, குளிப்பும் நின்னுச்சு. முங்கினவங்களோட பேரப்பிள்ளைங்க டி.என்.ஏ. மாறிப் போச்சா என்ன? துறைமுகத்துல வேலை பாக்கறாங்க, கப்பல்ல போறாங்க, பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கறாங்க. அந்த வீட்டுப் பொண்ணு ஒண்ணு பி.காம். சேரப் போனா 'உங்க ஆளுங்களுக்கு கணக்குவழக்கு எப்படிம்மா வரும்?'னு கேக்கறவர் பேசறது பயாலஜி இல்லை சாமி, ஜாதி.